மனசு மாறும்வரை காத்திருக்க முடியுமா?

ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள் ஒரே கோயிலுக்குள் போக முடியாமல் போனது ஏன்? ஆய்வாளர்கள் நூறு ஆண்டுகளாக உற்றுப் பார்த்துவரும் விழுப்புரம் மண்ணில் இதற்கு விடை இருக்கிறது.

விழுப்புரம்–புதுச்சேரி தடத்தில் வளவனூர் வழியாகப் போகும் காலை நேரத்துப் பஸ்களில் நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். டிபன் பாக்ஸோடு கட்டட வேலைக்குப் போகும் கொத்தனார், ஷிப்ட் பிடிக்க ஓடும் கம்பெனிப் பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் கல்லூரிப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒருவர் தோளோடு ஒருவர் இடித்துக்கொண்டுதான் போகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் திரும்பி வந்து ஊர் முனையில் இறங்கிய பிறகுதான் வழி பிரிகிறது. ஒரு பாதை ஊருக்குள் போகும். இன்னொன்று காலனிக்குப் போகும்.

வளவனூருக்கு அருகே உள்ள மேல்பாதியில் இந்தப் பிரிவு 2023-ல் நாடறிந்த செய்தியானது. ஏப்ரல் 7-ம் தேதி, தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் உள்ளே போன பட்டியல் சாதி இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். அதிகாரிகள் பலமுறை சமாதானக் கூட்டம் போட்டும் பலிக்கவில்லை. ஜூன் 7-ம் தேதி வருவாய்க் கோட்டாட்சியர், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-வது பிரிவின் கீழ் கோயிலைப் பூட்டி சீல் வைத்தார். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச் 22 முதல் பூசாரி மட்டும் உள்ளே போய் பூஜை செய்துவந்தார். 2025 ஏப்ரல் 17-ம் தேதிதான் மக்களுக்குக் கதவு திறந்தது. அன்று போலீஸ் பாதுகாப்போடு பட்டியல் சாதி மக்கள் உள்ளே போய் அம்மனைக் கும்பிட்டார்கள்.

சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947-ல். தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனம் நடைமுறைக்கு வந்தது 1950-ல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு சின்ன கிராமத்துக் கோயிலுக்கு இவ்வளவு பாடு. இப்படி ஏதாவது நடக்கும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் எழும்: ‘மக்கள் மனசு மாறணும், அதுவரைக்கும் சட்டம் போட்டு ஒண்ணும் ஆகாது.’ கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தைப் பற்றிச் சேர்ந்திருக்கும் ஆய்வுகளைப் படித்தால் உண்மை நேர் எதிராக இருக்கிறது. இங்கே மாறியதெல்லாம் ஏற்பாடு மாறியதால் மாறியது. மாறாமல் கிடப்பதெல்லாம் ஏற்பாட்டில் யாரும் கை வைக்காததால் கிடக்கிறது.

இருவேல்பட்டு: ஓர் ஊரின் நூற்றாண்டு

சென்னை–திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் இருக்கிறது இருவேல்பட்டு. பார்வைக்கு எந்தத் தனிச் சிறப்பும் இல்லாத ஊர்தான். ஆனால் சமூகவியலும் பொருளாதாரமும் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் உலகம் முழுக்கத் தெரியும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். இந்தியக் கிராமத்தைப் புத்தகத்தில் படித்தால் போதாது என்று 1916-ல் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, வீடு வீடாகக் கணக்கெடுக்க வைத்தார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவின் இருவேல்பட்டு. 1930-களில் பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆய்விலும் இந்த ஊர் இடம்பெற்றது. 1980-களின் தொடக்கத்தில் எஸ்.குகனும் அமெரிக்க மானுடவியலாளர் ஜோன் மென்ச்சரும் வந்தார்கள். 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் மூவரும் ஆய்வு செய்தார்கள். ஒரே ஊரை ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இப்படிப் பின்தொடர்ந்த ஆய்வு இந்தியாவில் மிக அரிது.

1916-ல் அந்த ஊரில் கண்டது என்ன? நிலத்தின் பெரும்பகுதி சில ரெட்டியார் குடும்பங்களின் கையில் இருந்தது. சேரியில் இருந்தவர்கள் படியாட்கள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ பண்ணையில் வாங்கிய சின்னக் கடன், அப்பனிடமிருந்து பிள்ளைக்கும் பிள்ளையிடமிருந்து பேரனுக்கும் போனது. கடன் தீரும்வரை வேலை என்று ஏற்பாடு; கடனோ தீரவே தீராது. கூலி, படி நெல்லாகப் பண்ணையார் வீட்டிலிருந்து வந்தது. வயிறு அங்கே அடகில் இருக்கும்போது தலை நிமிர்வது எப்படி?

2008-ல் போனவர்கள் வேறோர் ஊரைக் கண்டார்கள். பண்ணை ஆதிக்கம் கரைந்திருந்தது. பெரிய குடும்பத்தின் சொல்லுக்கு ஊரே கட்டுப்பட்ட காலம் மலையேறியிருந்தது. பிழைப்புக்கு விவசாயத்தை மட்டும் நம்பியிருந்த நிலை போய், வெளியூர் வேலையும் சம்பளமும் வீட்டுக்கு வீடு வந்திருந்தன. நிலம் எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டுவிடவில்லை. பட்டியல் சாதியினர் பலருக்குச் சொந்த நிலம் அன்றும் இல்லை. ஆனாலும், பண்ணையில் கை கட்டி நின்றால்தான் சோறு என்ற கட்டாயம் போய்விட்டது.

2024 டிசம்பர் 3. ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் வீடிழந்த மக்கள் நிவாரணம் வரவில்லை என்று இதே இருவேல்பட்டில் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். சமாதானம் பேச வந்த அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசப்பட்டது. வீசியது யார், எந்தக் கட்சி என்று சில நாள் விவாதம் நடந்தது. சேறு வீசியதை நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பண்ணைத் திண்ணைக்கு எதிரே நிற்கவே அஞ்சிய ஓர் ஊர், அரசாங்கத்தைச் சாலையில் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஊராக மாறியிருக்கிறது என்பதை அந்த மறியல் காட்டியது.

வயிற்றை விடுவித்தது எது?

இந்த மாற்றம் ஆதிக்கத்தில் இருந்தவர்களின் மனசு இளகியதால் வந்ததல்ல. பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது, 1982-ல் சத்துணவு வந்தது, ரேஷன் கடை வந்தது. 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கென்று சுருக்கியபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் என்ற முறையை விடவில்லை. 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசி என்று வந்தபோது, ‘இலவசம் கொடுத்துச் சோம்பேறி ஆக்குகிறார்கள்’ என்று நகரத்தில் பேசிக்கொண்டோம். மாதம் 20 கிலோ அரிசி வீட்டில் இருந்தால் ஒரு கூலிக்காரப் பெண், ‘இந்தக் கூலிக்கு நான் வரலை’ என்று சொல்லலாம் என்பது நகரத்துக்குத் தெரியவில்லை, பண்ணையாருக்குத் தெரிந்திருந்தது.

நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது, தமிழ்நாட்டில் முதல் கட்டமாகத் தேர்ந்தெடுத்த 6 மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. ஏரியில் மண் வெட்ட ஊர்த்தெருப் பெண்களும் காலனிப் பெண்களும் ஒரே மஸ்டர் ரோலில் பெயர் கொடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது பலருக்கு அதுவே முதல் முறை. கூலி கேட்டு யார் வீட்டுக் கொல்லைப்புறத்திலும் நிற்க வேண்டியிருக்கவில்லை.

இருவேல்பட்டை மறு ஆய்வு செய்த குகன், தமிழக அரசின் நிதித்துறைச் செயலாளராக இருந்துவிட்டுச் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தவர். ஏழைகளுக்கான சமூகப் பாதுகாப்பு பற்றி ஆழமாக எழுதியவர். 2008 ஆய்வில் இருந்த ஜெயரஞ்சன் பின்னாளில் மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவரானார். கிராமத்துத் தெருவில் நடந்து கணக்கெடுத்தவர்கள் கோட்டையில் திட்டம் தீட்டும் இடத்திலும் இருந்தது தமிழ்நாட்டுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

அதற்காகக் கடன் ஒழிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து இயங்கும் இசபெல் கெரின் குழுவினர், விழுப்புரம்–கடலூர் பகுதியின் 10 கிராமங்களில் 2010 முதல் 400-க்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பின்தொடர்ந்துவருகிறார்கள். பண்ணைக் கடன் போன இடத்தில் சுய உதவிக் குழு, மைக்ரோ ஃபைனான்ஸ், அடகுக் கடை, கந்துவட்டி என்று பல கடன்கள் வந்திருக்கின்றன. கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கி, குடும்பத்தோடு மாதக்கணக்கில் போய்க் கழிப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பட்டியல் சாதியினர். ஒரு கதவு திறந்தால் எல்லாக் கதவும் தானாகத் திறந்துவிடாது.

கூட்டமாகச் சேர்ந்தால்...

இந்த மண்ணுக்கு இன்னொரு கதையும் உண்டு. ஏழை உழவர்களாக இருந்த வன்னியர்கள் தங்களைக் கீழ்ச்சாதி என்று சொல்லக் கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் முறையிட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வன்னியகுல சத்திரியர் என்று எழுதச் சொல்லிப் பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்தார்கள். 1952 தேர்தலில் எஸ்.எஸ்.ராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்றத் தொகுதிகளில் வென்றது. 1954-ல் அவர் காமராஜர் அமைச்சரவையில் அமைச்சரானார்.

1950-களில் சென்னைக்கு வந்த அமெரிக்க அறிஞர்கள் லாயிட் ருடால்ஃபும் சூசன் ருடால்ஃபும் இதைக் கண்டு வியந்தார்கள். சாதி என்பது பழைய பஞ்சாங்கம், ஜனநாயகம் வந்தால் உதிர்ந்துவிடும் என்றுதான் அன்றைய மேலை அறிஞர்கள் நினைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகளுக்கு வாக்கையும் மனுவையும் மாநாட்டையும் பழக்கிவிட்டவை சாதிச் சங்கங்களே என்று ருடால்ஃப் தம்பதியர் காட்டினார்கள். வன்னியரை முக்கிய உதாரணமாக வைத்து அவர்கள் எழுதியது இன்றும் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடம்.

1980-ல் திண்டிவனம் மருத்துவர் ராமதாஸ் தலைமையில் வன்னியர் சங்கம் உருவானது. 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம் சாலை மறியல். வட தமிழகம் ஸ்தம்பித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 21 பேர் உயிரிழந்தார்கள். 1989-ல் கருணாநிதி அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பிரிவை உருவாக்கி 20 விழுக்காடு ஒதுக்கியது. இந்த ஒதுக்கீட்டால் முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பெற்ற ஊர்கள் பல. அந்த நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மறியல் வாரத்தில் பல ஊர்களில் பட்டியல் சாதியினரின் குடிசைகள் எரிந்தன என்பதையும் மறைக்க முடியாது. மேலே இருப்பவரிடம் உரிமை கேட்கத் திரண்ட கூட்டம், கீழே இருப்பவர் மீது பாய்ந்ததற்கு என்ன காரணம்?

குழு நடத்தையை ஆராய்ந்தவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். 1954-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முசாஃபர் ஷெரீஃப் 22 சிறுவர்களை இரண்டு அணியாகப் பிரித்து முகாமில் விட்டார். போட்டி வைத்த சில நாட்களிலேயே இரண்டு அணியும் கொடி எரிக்கும் அளவுக்குப் போனது. சேர்ந்து சாப்பிட வைத்தார், சண்டைதான் வந்தது. முகாமுக்குத் தண்ணீர் நின்றுபோனதாக ஒரு நிலைமையை உண்டாக்கி, எல்லோரும் சேர்ந்து சரிசெய்ய வைத்தபோதுதான் பகை தணிந்தது. இரண்டு தரப்புக்கும் பொதுவான வேலையும் பொதுவான இலக்கும் வேண்டும் என்பது அவர் கண்ட முடிவு.

இதற்கு நம் வட தமிழகமே சாட்சி. 2004-ல் ராமதாஸும் விடுதலைச் சிறுத்தைகள் தலைவர் திருமாவளவனும் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்று ஒரே மேடையில் நின்றார்கள். 2011 சட்டமன்றத் தேர்தலில் ராமதாஸின் பா.ம.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் ஒரே கூட்டணி. கிராமத்தில் இரண்டு கொடிகளையும் ஒன்றாகக் கட்டினார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் பட்டியல் சாதியினர் வாழும் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் கலவரம். ஒன்றரை, இரண்டு ஆண்டில் மக்களின் மனசு அடியோடு மாறிவிட்டதா? மக்கள் அவர்களேதான், மேல்மட்டத்துக் கணக்கு மாறியது, அவ்வளவுதான். சேர்ந்து நிற்கச் சொன்னபோது சேர்ந்து நின்றவர்கள், பிரியச் சொன்னபோது பிரிந்தார்கள்.

1978 ஜூலையில் விழுப்புரம் நகரில் 12 தலித்துகள் கொல்லப்பட்டதையும் இங்கே நினைக்க வேண்டும். நீதிபதி சதாசிவம் ஆணையம் விசாரித்தது. அது ஒதுக்குப்புறக் கிராமத்தில் நடக்கவில்லை. ரயில் ஜங்ஷனும் கடைவீதியும் இருந்த நகரத்தில் நடந்தது. நகரமானால் சாதி போய்விடும் என்பதும் வெறும் நம்பிக்கைதான்.

வாசற்படியில் நிற்பது

மேல்பாதிக்குத் திரும்புவோம். திரௌபதி அம்மன் வழிபாடு இந்த வட்டாரத்தின் உயிர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபெய்டல் செஞ்சிப் பகுதியை மையமாக வைத்து இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய இரண்டு பெரிய நூல்கள் 1988-லும் 1991-லும் வந்தன. திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பது, இரவில் கூத்து. கடைசி நாள் படுகளம். கோயிலுக்கு வெளியே திறந்த வெளியில் களிமண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். ஆள் ஏறி நடக்கும் அளவுக்குப் பெரிய உருவம். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அதைச் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். பீமன் மண் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். சாயங்காலம் தீமிதி.

சபை நடுவே நீதி மறுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதைக்காக ஊரே கண்ணீர் விடுகிறது. பல ஊர்களில் அந்த வெளி வரைக்கும் எல்லோரும் வரலாம், வாசற்படியில்தான் தடை. ஏனென்றால், கோயிலும் திருவிழா வரியும் முதல் மரியாதையும் ‘இது யாருடைய ஊர்’ என்பதற்கான பட்டாவாக மாறிவிட்டன. வயலில் பிடி தளர்ந்தபோது, பிடித்துக்கொள்ள மிச்சம் இருந்தது வாசற்படி. தடுத்தவர்களில் பலரும் பெரிய பண்ணையார்கள் இல்லை. அவர்களும் கூலிக்கும் குத்தகைக்கும் பாடுபடுகிறவர்கள்தான். கௌரவம் என்று அவர்களுக்கு விட்டுவைக்கப்பட்டது அது ஒன்றே என்பதுதான் வேதனை.

அப்படியானால் மனசு மாறத்தான் வேண்டுமா? அரசியல் ஆய்வாளர் சைமன் ஷோஷார் ராஜஸ்தானில், ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை ஆராய்ந்தார். தலித் தலைவர் வந்ததால் மற்றவர்கள் மனதில் தலித்துகள் பற்றிய மட்டமான எண்ணம் மாறிவிடவில்லை. ஆனால் அவமதித்தால் கேட்க ஆள் உண்டு, கேஸ் வரும், ஊரும் ஏற்காது என்ற எண்ணம் வந்திருந்தது. அதனால் ஒதுக்கி நடத்தும் துணிச்சல் குறைந்தது. மனசு அப்படியே இருக்க, நடத்தை முதலில் மாறியது.

மாட் லோ என்ற பொருளாதார அறிஞர் 2017-ல் உத்தரப் பிரதேசத்தில் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். சில அணிகளில் ஒரே சாதி இளைஞர்கள்; சில அணிகளில் எல்லாச் சாதியும் கலந்து. ஒரே அணியில் ஆடியவர்களுக்குள் சாதி தாண்டிய நட்பு வளர்ந்தது. எதிரெதிர் அணிகளில் மோதியவர்களுக்குள் அந்த நட்பு குறைந்தது. நம் ஊர்களிலோ ஊர் டீம் தனி, காலனி டீம் தனி. கோப்பை கொடுக்கப் போகும் தலைவர்கள் ஒருமுறையாவது இதை யோசித்திருப்பார்களா?

செய்ய வேண்டியது

பிரிக்கப்படாத விழுப்புரம் மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 29 விழுக்காடு மக்கள் பட்டியல் சாதியினர். மாநில சராசரி 20 விழுக்காடு. வன்னியரும் இங்கே பெரும் எண்ணிக்கையினர். இரண்டு தரப்பும் சேர்ந்து வாழ்வதைத் தவிர இந்த மாவட்டத்துக்கு வேறு எதிர்காலம் இல்லை.

அதற்கு முதல் வேலை, பொதுவில் பணம் போடுவது. தனித்தனிச் சுடுகாடு, தனித்தனித் தண்ணீர்த் தொட்டி, தனித்தனிச் சமுதாயக் கூடம் என்று அரசே பிரிவினைக்குச் செலவழிப்பது நிற்க வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் 100 வீடுகளில் 40 பட்டியல் சாதியினருக்கும், தலா 25 பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 மற்றவர்களுக்கும் என்று கலந்து கொடுத்தார்கள். எண்ணம் சரிதான். புதிதாகத் தனிக் குடியிருப்பு கட்டுவதோடு நிற்காமல், இருக்கும் ஊருக்குள்ளேயே அந்தக் கலப்பைக் கொண்டுவர வேண்டும். அரசு நிதி பெறும் விளையாட்டுப் போட்டிகளில் ஊரும் காலனியும் கலந்த அணிக்கு மட்டுமே அனுமதி என்று ஒரு விதி போதும்.

இரண்டாவது, திருவிழா. சண்டை வந்த பிறகு சமாதானக் கூட்டம் போடுவதால் பயனில்லை. காப்புக் கட்டும் முன்பே இரண்டு தரப்பும் சேர்ந்த விழாக்குழு, இரண்டு தரப்பிலும் வரி, இரண்டு தரப்புக்கும் வேலை என்று எழுத்தில் ஏற்பாடு வேண்டும். பந்தல் போடுவதிலும் கூத்துக்குப் பாக்கு வைப்பதிலும் சேர்ந்து உழைத்தவர்களை வாசலில் மறிப்பது கடினம்.

மூன்றாவது, புள்ளிவிவரம். 2021 பிப்ரவரியில், தேர்தல் அறிவிப்புக்குச் சற்று முன்பாக, வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் அவசரமாக நிறைவேறியது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சமகாலத் தரவு இல்லை என்பது முக்கியமான காரணம். 1980-களில் அம்பாசங்கர் ஆணையம் திரட்டிய கணக்கை வைத்துக்கொண்டு 2021-ல் நீதி வழங்க முடியாது. கணக்கில்லாத ஒதுக்கீடு ஏமாற்றத்தைத்தான் வளர்க்கும். அந்த ஏமாற்றம் பக்கத்துத் தெரு மீது கோபமாகத் திரும்பும். வரப்போகும் கணக்கெடுப்பில் சாதியும் சேரும் என்று மத்திய அரசு 2025 ஏப்ரல் 30-ல் அறிவித்திருக்கிறது. எந்தச் சாதி எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாமல், நிலம், படிப்பு, வேலை, கடன் என்று கிராம அளவில் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். இருவேல்பட்டு போன்ற ஊர்களின் மறு ஆய்வை மாநில அரசே பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டும்.

மனசு மாற வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் படியாள் முறை ஒழிந்தது பண்ணையாரின் மனசு மாறியதால் அல்ல. அவர் இல்லாமலும் படியாளால் பிழைக்க முடிந்ததால். பஸ்ஸில் ஒன்றாக உட்காருவதும் உபதேசத்தால் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே டிக்கெட், ஒரே வாசல் என்று ஆக்கியதால் வந்தது. கோயிலுக்கும் சுடுகாட்டுக்கும் தெருவுக்கும் அந்த விதியைக் கொண்டுவரும் துணிவு அரசுக்கும் கட்சிகளுக்கும் வேண்டும். ஒரே வாசலில் பிள்ளைகள் பத்து வருஷம் போய்வந்து வளர்ந்தால், மனசு மாறுவது அவர்களுக்கு ஒரு சாதனையாகவே தெரியாது.